சீன இயற்கை அறிவியல் நிதியத்தின் பெண்களுக்கான வயதுச் சலுகை: எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது

சீனப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பதவி உயர்வு என்று வந்தால் முக்கியமாகப் பார்ப்பவற்றுள் ஒன்று, ஆய்வுகளுக்குப் பணம் தரும் அரசு அமைப்பான தேசிய இயற்கை அறிவியல் நிதியத்தின் நல்கை (ஆய்வு நிதியுதவி) கிடைத்திருக்கிறதா என்பது. சி, பி, ஏ என்று மூன்று படிகளாக உள்ள அந்த நிதியத்தின் இளம் ஆய்வாளர் திட்டங்களில் பெண்களுக்குள்ள வயதுச் சலுகையை 2025 விதிகளின்படி எடைபோட்டிருக்கிறோம்.

நுழைவுப் படியான சி பிரிவு அருமையான ஏற்பாடு. மூன்று ஆண்டுகளுக்கு 3 லட்சம் யுவான். ஆண்கள் 35 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெண்களுக்கு 2011 முதல் 40. பிரசவச் சான்று, விடுப்புக் கடிதம் எதுவும் கேட்பதில்லை, பிறந்த தேதி போதும். விண்ணப்ப ஆண்டின் ஜனவரி 1 அன்றுள்ள வயதுதான் கணக்கு: 2025-க்கு, 1985 ஜனவரி 1 அன்றோ பிறகோ பிறந்திருக்க வேண்டும். திட்டத்தின் நடுவே பிரசவம் வந்தால் முடிவுத் தேதியைத் தள்ளிவைக்கவும் கேட்கலாம்.

அடுத்த படியில்தான் சிக்கல். பி பிரிவுக்கு ஆண்கள் 38, பெண்கள் 40. வெறும் இரண்டு ஆண்டு! சலுகையை நம்பி 39 வயதில் சி பிரிவுக்கு விண்ணப்பிக்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் விண்ணப்பம், ஆகஸ்ட் வாக்கில் முடிவு, மறு ஜனவரியில் திட்டம் தொடக்கம். தொடங்கும் அன்றே அவருக்கு 40 ஆகிவிடும். பி பிரிவின் கதவும் அன்றே மூடிவிடும். ஆய்வு முடியும்போது வயது 43. மிச்சமிருப்பது ஏ பிரிவு மட்டும். அங்கே பெண்களின் வரம்பை 45-லிருந்து 48 ஆக 2024-இல் உயர்த்தியது நல்ல காரியம். ஆனால் அவர் மோத வேண்டியது ஏற்கெனவே பி பிரிவு நல்கை பெற்றவர்களோடு. பி பிரிவின் வரம்பை 43-க்காவது உயர்த்தாமல், முதல் படியில் கொடுத்த ஐந்து ஆண்டுக்கு முழுப் பயன் இல்லை.

சம தகுதி இருந்தால் பெண்ணுக்கு முன்னுரிமை என்றும் கொள்கை உண்டு. அது எவ்வளவு நடக்கிறது என்று விண்ணப்பதாரரால் சரிபார்க்க முடியாது. வேலை விளம்பரங்களில் உள்ள 35 வயது வரம்பும் நிதியத்தின் கையில் இல்லை. அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம் உள்ளிட்ட 13 அமைப்புகள் 2021-இல் பெண் ஆய்வாளர்களுக்கான ஆதரவு நடவடிக்கைகளை அறிவித்தபோதும், ஆளெடுப்பது அந்தந்த நிறுவனம்தான்.

ஆகவே விண்ணப்பிப்பவர்கள் 40 வரை நேரம் இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். முனைவர் பட்டம் வந்ததும் சி பிரிவுக்கு முயலுங்கள். அது வாழ்நாளில் ஒரே முறைதான் கிடைக்கும் என்றாலும், நிராகரிக்கப்பட்டால் திரும்ப விண்ணப்பிக்கலாம். 36 வயதுக்குள் கையில் வந்தால்தான் பி பிரிவுக்கு முயல மூச்சுவிட நேரம் இருக்கும். 2025-இல் விண்ணப்பிக்கக் கடைசி நேரம் மார்ச் 20, மாலை 4 மணியாக இருந்தது. நிறுவனங்களின் உள்கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும்.