சிங்கப்பூரில் வாய், துபாயில் கையெழுத்து

போலீஸில் என்ன சொன்னாலும் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்பது நம்மூரில் ஊறிப்போன நம்பிக்கை. அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை இந்திய நீதிமன்றம் குற்றத்துக்கு ஆதாரமாக ஏற்காது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 23. இதே நினைப்போடு விமானம் ஏறியவர் வெளிநாட்டில் கைதானால்?

முதலில் சிங்கப்பூர். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. விசாரணையிலும் நீதிமன்றத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். தெரிந்த மொழியைக் கேட்டதும் மனசு லேசாகி, ஆள் கொட்டிவிடுவார். ஆனால் அங்கே போலீஸிடம் சொன்னது, தானாக விரும்பிச் சொன்னதாக இருந்தால், நேராகச் சாட்சியமாகிவிடும். குற்றச்சாட்டை வாசித்துக் காட்டும்போது ஓர் எச்சரிக்கையும் கொடுப்பார்கள்: உன் தரப்பில் சொல்ல இருப்பதை இப்போது சொல்லாமல் பிறகு சொன்னால் நீதிபதி நம்புவது குறையலாம் என்று. ஆக, உளறினாலும் வம்பு, ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டாலும் வம்பு. தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. பிடிபட்டவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே!

வக்கீல்? அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் கைதான நிமிடமே அல்ல, ‘நியாயமான காலத்துக்குள்’. பெரும்பாலும் முக்கியமான வாக்குமூலங்கள் பதிவான பிறகுதான் வக்கீல் முகத்தையே பார்க்க முடியும். போதைப்பொருள் வழக்கில் இது உயிர்ப் பிரச்சினை. 2 கிராமுக்கு மேல் ஹெராயின் கையில் இருந்தால் கடத்தல் என்று சட்டமே அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிப்பது பிடிபட்டவர் பாடு. 15 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை வரை போகலாம். ‘பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்துவிட்ட பார்சல்’ என்பது உண்மையாகவே இருந்தாலும், அதை முதல் நாளே தெளிவாகச் சொன்னதாகப் பதிவு இல்லையென்றால் கஷ்டம்தான்.

துபாயில் கதை வேறு. 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஆளை, அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் பப்ளிக் பிராசிக்யூஷனிடம் ஒப்படைக்க வேண்டும். நிஜமான விசாரணை அங்கேதான். நடப்பதெல்லாம் அரபியில். மொழிபெயர்ப்பாளர் வைக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் இந்தியைப் பாதி புரிந்துகொண்டு ‘ஹாங் ஜி’ என்று தலையாட்டுகிறவருக்கு அது எப்படி உதவும்? தமிழ் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். வாசித்துச் சொல்லாத அரபித் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது.

ஒரு விஷயத்தில் துபாய் இளகியது. சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மன்னித்து எழுதிக்கொடுத்தால் வழக்கு முடியும், அல்லது தண்டனை குறையும். சாலை விபத்தில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் திர்ஹம் இரத்தப் பணம். பாஸ்போர்ட்டை வைத்து ஜாமீனும் கிடைக்கலாம். ஆனால் வழக்கு முடியும்வரை ஊர் திரும்ப முடியாது.

இலவச வக்கீல் கணக்கு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மரண தண்டனை வழக்கென்றால் சிங்கப்பூர் எந்த நாட்டவருக்கும் வக்கீல் தரும். அமீரகம் ஆயுள் தண்டனை வழக்குக்கும் தரும். சின்ன வழக்குக்குத்தான் திண்டாட்டம். 2022-இல் சிங்கப்பூர் தொடங்கிய, குற்றம்சாட்டப்பட்டவருக்காக வாதாடும் அரசு வக்கீல் அலுவலகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. துபாயில் ‘சட்ட ஆலோசகர்’ உரிமம் மட்டும் உள்ள நம்மூர்க்காரர் கோர்ட்டில் வாதாட முடியாது. பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தூதரகத்துக்குத் தகவல் போகவேண்டும் என்று கேட்பது 1963 வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை, இரண்டு ஊரிலும். அவர்கள் வந்து விடுவித்துவிட மாட்டார்கள். வக்கீல் பட்டியல் தருவார்கள், சிறையில் வந்து பார்ப்பார்கள், உண்மையிலேயே வசதியற்றவர் என்றால் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து வக்கீல் செலவுக்கும் உதவலாம்.

எனக்கு எது பயம் என்று கேட்டால், சிங்கப்பூர்தான். துபாயில் புரியாத மொழி நம்மை உஷாராக்கிவிடும்.

அப்புறம், அம்மா பெட்டியில் வைக்கும் கசகசா பொட்டலத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு ஊரிலும் அது தடைப்பட்ட சரக்கு.