ஓய்வுகால வீடு: விலை குறைந்த பழைய வீடா, வேலை முடிந்த வீடா?

ஓய்வுக்கு வீடு தேடுகிறவர்கள் எத்தனை வீடு ஏறி இறங்கினாலும் கடைசியில் மனசில் நிற்பது பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, விலை குறைவு, ஆனால் கைவைக்க வேண்டிய பழைய வீடு. இன்னொன்று, சாவியை வாங்கிக்கொண்டு நேராகக் குடிபோகலாம் என்கிற, விலை கூடுதலான வீடு. கையில் மொத்தம் 100 பங்கு பணம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழையது 70, தயாரானது 95. பார்த்ததும் 25 பங்கு மிச்சம் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தபோது அந்த மிச்சம் கரைந்துவிட்டது.

பழைய வீட்டில் இரண்டு வகை வேலை இருக்கிறது. கூரை ஒழுகல், சுவர் ஓதம், பழைய ஒயரிங், துருப்பிடித்த குழாய், இதெல்லாம் வீட்டுக்கான வேலை. அதற்கு 12 என்று வையுங்கள். கைப்பிடிக் கம்பி, அகலமான கதவு, வழுக்காத தரை, சாய்தளம், கூடுதல் வெளிச்சம், இதெல்லாம் உடம்புக்கான வேலை. அதற்கு 8. இந்த 20-க்கு மேல், சுவரை உடைத்த பிறகுதான் தெரியவரும் வில்லங்கத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4. வேலை முடியும்வரை வேறிடத்தில் குடியிருக்கும் செலவு 3. ஆக 97.

அப்படியானால் தயாரான வீடுதான் மலிவா? அங்கேயும் ஒரு கேள்வி உண்டு: யாருக்காகத் தயாரானது? விற்பவர் வாங்குபவரின் கண்ணுக்காகச் செய்திருப்பார், முழங்காலுக்காக அல்ல. பளபளக்கும் டைல்ஸில் தண்ணீர் சிந்தினால் கால் நிற்காது. புதுக் குளியலறையில் காலைத் தூக்கி வைத்து ஏறி இறங்க வேண்டிய தொட்டி இருக்கும். உடம்புக்கான வேலை இங்கேயும் 6 பங்கு கேட்கும், எதிர்பாராததுக்கு 1 சேர்த்தால் 102. கைக்கு மீறியது மட்டுமில்லை, போன வருடம் போட்ட டைல்ஸை உடைப்பதற்கு நாமே காசு கொடுக்க வேண்டும். புதுசுக்கு ஒரு விலை, அதை உடைக்க இன்னொரு விலை.

இவை உதாரண எண்கள்தான், உங்கள் கணக்கு வேறாக வரும். ஆனால் விலைகளுக்கு நடுவே தெரிந்த 25 பங்கு இடைவெளி 5 ஆகச் சுருங்கியதைக் கவனியுங்கள்.

இந்த 8, 6 எங்கிருந்து வருகிறது என்று தெரிய குளியலறைக்குள் ஒரு முறை நின்று பார்த்தால் போதும். சக்கர நாற்காலியோ நடைக்கருவியோ நுழைய, கதவைத் திறந்த பிறகு கிடைக்கும் வழி 32 அங்குலமாவது வேண்டும். பல வீடுகளில் குளியலறைக் கதவு அதைவிடக் குறுகல். செங்கல் சுவரில் அதை அகலப்படுத்துவது என்றால் நிலையைப் பெயர்க்க வேண்டும், மேலே சுவரைத் தாங்கும் லிண்டலை மாற்ற வேண்டி வரலாம், சுற்றிலும் டைல்ஸ் போகும். கதவு உள்பக்கம் திறந்தால் இன்னொரு ஆபத்து. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ முயன்றால் கம்பியோடு சேர்ந்து விழ வேண்டியதுதான். உடல் எடையைத் தாங்கும் கம்பி தனி. கல் சுவரில் அதைப் பின்னால்கூட மாட்டலாம். பலகைச் சுவராக இருந்தால் உள்ளே மரக்கட்டை வைத்த பிறகுதான் மூட வேண்டும். கட்டை விலை அற்பம், மூடிய சுவரை மறுபடி திறப்பதுதான் செலவு. குமிழ்ப் பிடிக்குப் பதிலாக முழங்கையால் அழுத்தித் திறக்கிற நீளப் பிடி போடுவது இதோடு ஒப்பிட்டால் சில்லறை வேலை. அதை எந்த வீட்டிலும் ஒரு மதியத்தில் முடிக்கலாம்.

வாசலுக்கு வருவோம். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதுதான் பழகிய கணக்கு: ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். ஏழு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் 21 அங்குலம், சாய்தளம் 21 அடி. வாசலுக்கு முன் அவ்வளவு இடம் இல்லையென்றால் மடக்கித் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கும் இடமில்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிடலாம். படுக்கையறையும் குளியலறையும் மாடியில் மட்டுமே உள்ள வீடும் அப்படித்தான். இந்த மாதிரிக் குறைகள் பழையதில் இருந்தாலும் புதியதில் இருந்தாலும் எந்தத் தள்ளுபடியும் ஈடாகாது.

சரி, பணத்தை எப்போது எடுப்பது? குடிபோகும் முன்பே எல்லாவற்றையும் முடிப்பதா, கொஞ்சம் கொஞ்சமாகவா? சம்பளம் வரும் காலத்தில் வங்கி கடன் தரும், ஓய்வுக்குப் பிறகு அதே வங்கி வருமானம் எங்கே என்று கேட்கும். ஓய்வு பெற்ற முதல் சில வருடங்களில் பங்குச் சந்தை இறங்கியிருக்கும்போது அதில் போட்ட சேமிப்பை உருவிச் செலவழித்தால், விலை திரும்ப ஏறும்போது விற்ற பங்குகள் கையில் இருக்காது. அதனால் தூசி கிளப்பும் வேலை, அதாவது கூரை, குழாய், ஒயரிங், குளியலறை, முன்பே முடியட்டும். சமையலறை அலமாரி, பெயின்ட், தோட்டம் இதெல்லாம் ஒரு வருடம் குடியிருந்து பார்த்த பிறகு. எந்த ஜன்னலில் வெயில் வருகிறது, எந்த மூலையில் விளக்கு போதவில்லை என்று அதற்குள் தெரிந்துவிடும். (அலமாரியில் ஆரம்பித்துக் குளியலறைக்குக் காசில்லாமல் நின்றவர்கள் நிறைய. அலமாரிதான் விருந்தாளி கண்ணில் படுகிறது.)

எஸ்டிமேட் வாங்கும்போது ஒன்று கவனிக்கவும். எங்களுக்கு வந்த முதல் எஸ்டிமேட்டில் இடிபாட்டை அள்ளிக் கொட்டும் செலவு எங்குமே இல்லை. கேட்டபோது, "அது தனி சார்" என்றார் மேஸ்திரி. அப்புறம் எதெல்லாம் தனி என்று கேட்டே ஒரு பக்கம் நிறைந்தது.

என் தேர்வு பழைய வீடுதான், ஆனால் நிபந்தனையோடு. கீழ்த்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் இருக்க வேண்டும், அடித்தளமும் சுவரும் உறுதியாக இருக்க வேண்டும், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் தரும் வேலைப் பட்டியலே பேரம் பேசக் கையில் கிடைக்கும் துருப்பு. தயாரான வீட்டில் பேரத்துக்கு அந்த மாதிரிப் பிடிமானம் கிடைப்பது அரிது. வேலையை நின்று பார்க்கத் தெம்போ ஆளோ இல்லாதவர்களுக்கு மட்டும் தயாரான வீடு சரி. அதையும் பார்க்கப் போகும்போது பையில் ஓர் இஞ்ச் டேப் போட்டுக்கொண்டு, முதலில் குளியலறைக் கதவை அளந்துவிடுங்கள்.