சேர்வுமனா, சேர்பர்சனா?

தலைமைப் பதவியில் இருக்கும் பெண்ணை ஆங்கிலத்தில் சேர்வுமன் (chairwoman) என்பதா, ஆண் பெண் இருவருக்கும் பொதுவான சேர்பர்சன் (chairperson) என்பதா? அதற்கு முன் ஒன்று. கும்பகோணத்து ஹோட்டலில் பரிமாறுபவரை 'சர்வர்' என்றுதான் கூப்பிடுகிறோம். வெயிட்டர், வெயிட்ரஸ் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த ஆங்கிலத்திலும் பலர் இப்போது அதே சர்வருக்கு வந்துவிட்டார்கள். ஏர் ஹோஸ்டஸ், ஃபிளைட் அட்டெண்டன்ட் ஆனதும் இப்படித்தான்.

சரி, சேர்வுமன், சேர்பர்சன் இரண்டில் எது? சேர்வுமனுக்கு ஒரு நியாயம் உண்டு. நாற்காலியில் இருப்பது பெண் என்று பளிச்சென்று தெரியும். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு தர 2016-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்த பிறகு, டெல்டா ஊராட்சிகளில் அது தெரியவேண்டியதுதான். ஆனாலும் நான் சேர்பர்சன் பக்கம். பதவியும் அதிகாரமும் ஒன்றாக இருக்கும்போது பெயர் மட்டும் ஏன் மாறவேண்டும்? நம் ஊரில் 'தலைவரம்மா' என்றால் அவரே தலைவரா, தலைவரின் மனைவியா என்று திரும்பக் கேட்கவேண்டியிருக்கிறது. 'தலைவர் வந்தார்' என்றால் அந்தக் குழப்பமே இல்லை, மரியாதையும் கூடவே வந்துவிடுகிறது.

'விவசாயி' என்ற சொல்லிலும் ஆண்பால், பெண்பால் என்ற வேறுபாடு இல்லை. இருந்தும் குறுவைக்கு நாற்று நட்டு, களை பறிக்கும் பெண்களை 'நடவு ஆளுங்க' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பொதுச்சொல் கையில் இருந்தும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

'லேடி டாக்டர்' மட்டும் கொஞ்சம் வேறு. பிரசவத்துக்கு மன்னார்குடி போகிற பெண் ஒரு பெண் மருத்துவரைத் தேடினால், அது தேவையான தகவல். மற்ற நேரத்தில் டாக்டர் போதும்.