அல்லிக்குளத்தில் கிடைத்த ஸ்மித்

சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்தில், ஒரு பழைய புத்தகக் கடையில் இங்கிலாந்துக் குடும்பப் பெயர் அகராதி ஒன்று கிடைத்தது. 150 ரூபாய். பெரம்பூரில் எனக்குப் பாடம் எடுத்த ஸ்மித் மிஸ்ஸின் பெயரைத்தான் முதலில் தேடினேன். அட, நம்ம ஊர்க் கொல்லர்தான்! ஊருக்கு ஊர் உலைக்களம் இருந்ததால் பெயரும் ஊருக்கு ஊர் முளைத்திருக்கிறது. அயர்லாந்தில் ‘கொல்லன் மகன்’ என்று பொருள்படும் மெக்கவன்கள் பலர் ஸ்மித் ஆனார்கள். அமெரிக்கா போன ஜெர்மானிய ஷ்மிட்களில் சிலரும் அப்படியே.

அட்டை கிழிசல். கடைசியில் ‘டபிள்யூ’ பக்கங்கள் பாதி இல்லை. அதைக் கடைக்கார அண்ணனே காட்டி 20 ரூபாய் குறைத்தார். அந்த நேர்மைக்காகவே மறுபடி போவேன். பேரம் பேசாமல், நிதானமாகப் புரட்டிப் பார்க்க விடுகிறார். மதியத்தில் உள்ளே புழுக்கம் அதிகம், காலையில் போங்கள்.