கூகுள் ஸ்லைட்ஸ்: சூட்சுமம் லிங்க்கின் வாலில்

ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். முன்பெல்லாம் என் கழுத்தில் ஐடி கார்டோடு ஒரு பென் டிரைவும் தொங்கும். வீட்டில் பாமினி எழுத்துருவில் அடித்து அழகு பார்த்த ஸ்லைடு, வகுப்புக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக உளறும். அந்த மெஷினில் பாமினி இல்லை, அவ்வளவுதான். "மிஸ், இது எந்த மொழி?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும்.

கூகுள் ஸ்லைட்ஸுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. ஸ்லைடு செய்வதற்கு இதைவிட நல்ல கருவிகள் உண்டு. அனிமேஷனில் பவர்பாயின்ட்டுக்குப் பக்கத்தில்கூட இது வராது. ஆனால் செய்ததைப் பிள்ளைகள் கையில் கொண்டுபோய்ச் சேர்க்க இதுதான் எனக்குச் சரிப்பட்டது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடித்து, நோட்டோ சான்ஸ் தமிழோ முக்தா மலரோ எழுத்துருவாக வைத்துவிட்டால், எழுத்துருவைத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

பலரும் 'ஷேர்' பட்டனோடு நின்றுவிடுகிறார்கள். சூட்சுமம் லிங்க்கின் வாலில் இருக்கிறது. முகவரியின் கடைசியில் ஆங்கிலத்தில் 'எடிட்' என்று இருக்கும். அதையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் அழித்துவிட்டு 'காப்பி' என்று (சி, ஓ, பி, ஒய்) அடித்து அனுப்பிப் பாருங்கள். திறப்பவரிடம் "நகல் எடுக்கவா?" என்று கேட்கும், ஆளுக்கொரு பிரதி அவரவர் கூகுள் டிரைவில் போய் உட்காரும், நம் மூலக் கோப்பு பத்திரம். இதற்கு அவர்களுக்கு கூகுள் கணக்கு வேண்டும். அதே இடத்தில் 'பிரசென்ட்' என்று போட்டால் மெனு எதுவும் இல்லாமல் நேராகத் திரை நிறைய ஸ்லைடு ஓடும். பார்க்க மட்டும் என்றால், 'லிங்க் உள்ள யாரும்' என்று வைத்திருந்தால் போதும், கணக்குகூட வேண்டாம்.

லிங்க்கோ அனுமார் வால். கரும்பலகையில் எழுதிப்போட்டால் யாரும் தப்பில்லாமல் அடிக்க மாட்டார்கள். குரோமிலேயே அந்தப் பக்கத்துக்கு கியூஆர் கோடு எடுக்கலாம். அதை முதல் ஸ்லைடில் ஒட்டிவிடுகிறேன். பிள்ளைகள் டேப்லட்டை நீட்டினால் வேலை முடிந்தது.

நெட் இல்லாத நாளுக்கு முன்கூட்டியே ஆஃப்லைன் வசதியை இயக்கி வைக்க வேண்டும். அன்று காலையில் நினைத்துக்கொண்டால் நடக்காது. பிடிஎஃப் ஒன்று எப்போதும் கைவசம் வைத்திருப்பேன்.

அப்புறம், அனுமதி விஷயம். பார்வையாளர், கருத்துரையாளர், திருத்துபவர் என்று மூன்று படி. முதல் மாதம் அவசரத்தில் நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து வகுப்பு முழுவதற்கும் லிங்க் கொடுத்துவிட்டேன். ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்தலாம் என்று இருக்கும்போது 38 பேர் எந்த மூலைக்கு! திரையில் கலர் கலராக அம்புகள் ஓடின. விலங்கு செல்லின் நியூக்ளியஸ் நகர்ந்து செல் சவ்வுக்கு வெளியே போய் நின்றது. தலைப்பு 'சிறைச்சாலை செல்' ஆனது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு யாரோ இரண்டு கண்ணும் முறுக்கு மீசையும் வைத்தார்கள். யார் என்று தேடினால், கணக்கில் நுழையாமல் வந்தவர்களுக்கு கூகுள் விலங்குப் பெயர் வைத்திருந்தது: குற்றவாளி ஓர் அநாமதேயக் கேபிபாரா. மொத்த வகுப்பும் சிரித்ததில் நானும் கோபப்பட மறந்துவிட்டேன்.

கோப்பு மெனுவில் 'பதிப்பு வரலாறு' இருக்கிறது. காலை 9 மணிப் பதிப்பைத் தேடி 'மீட்டமை' அழுத்தியதும் நியூக்ளியஸ் வீடு திரும்பியது. இந்த ஒரு வசதிக்காகவே ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஆனால் அழிப்பதற்கு முன்னால் அந்த மீசைக்கார மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் தனியாக நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். இந்த வருடச் செல் பாடத்துக்கு அதுதான் முதல் ஸ்லைடு, கியூஆர் கோடுக்குப் பக்கத்திலேயே.