எறும்புப் புற்று கார்னெட்: வாங்கலாமா?

கார்னெட் என்ற சிவப்பு ரத்தினக்கல், அமெரிக்காவின் டூசான் கல் சந்தையில் இந்த பிப்ரவரியில் வாங்கியது. பட்டை தீட்டாத கல், பத்து கிராம் பொட்டலம், 40 டாலர். காங்கேயத்தில் கல் வியாபாரம் செய்த வீட்டில் வளர்ந்தவள் என்பதால் முதலில் டார்ச் அடித்துத்தான் பார்த்தேன். அப்படி ஒரு சிவப்பு! பழுப்பு கலப்பே இல்லை. இது கார்னெட்டில் பைரோப் என்ற வகை; அந்த நிறம் குரோமியம் தருவது.

அரிசோனாவின் வடகிழக்கில், அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலத்தில் கார்னெட் ரிட்ஜ் என்றொரு மேடு இருக்கிறது. அங்கே அறுவடை எறும்புகள் கூடு தோண்டும்போது அகப்படும் சிறு கற்களை மேலே தூக்கிவந்து புற்றின் மீது பரப்புகின்றன. மழை மண்ணைக் கழுவியதும் சிவப்புக் கற்கள் தனியாகத் தெரியும், பொறுக்கிக்கொள்ளலாம். எறும்பால் சுமக்க முடிந்தது சின்னக் கல்தான். அதுவும் நல்லதே: இந்தக் கல் ஒரு கேரட்டை (0.2 கிராம்) தாண்டினால் பெரும்பாலும் கருத்துப்போய்விடும்.

எனக்கு இதில் பெரிய ஈர்ப்பு வேறு. இந்தக் கற்கள் பூமியின் மேலோட்டுக்கும் கீழே உருவாகி, எரிமலை வெடிப்பில் மேலே வந்தவை. வைரம் தாங்கும் கிம்பர்லைட் பாறையிலும் இதே வகை கார்னெட் இருக்கும். அதனால் வயோமிங்கில் வைரம் தேடிய புவியியலாளர்கள் எறும்புப் புற்றுகளைச் சலித்துப் பார்த்திருக்கிறார்கள். போட்ஸ்வானாவின் ஜ்வானெங்கில் கிம்பர்லைட் கலஹாரி மணலுக்கு அடியில் ஆழமாகப் புதைந்து கிடந்தது. ஈரம் தேடிக் கீழே இறங்கிய கரையான்கள் மேலே கொண்டுவந்த கனிமத் துகள்கள் அதைக் கண்டுபிடிக்க உதவின. 1982இல் திறந்த அந்தச் சுரங்கம், எடுக்கும் வைரத்தின் மதிப்பில் உலகின் முதல் வரிசையில் நிற்கிறது. சரி, கார்னெட் கிடைத்த இடமெல்லாம் வைரம் இருக்கும் என்றில்லை. தோண்டிப் பார்க்க வேண்டிய இடம் எது என்பதற்கு அது ஒரு துப்பு.

கல் எங்கிருந்து, எப்படி வந்தது என்பதில்தான் எனக்கு ஈர்ப்பு. அதனால்தான் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ‘எறும்புப் புற்று கார்னெட், அரிசோனா’ என்று மட்டும் இருந்தது. உள்ளே சுண்டைக்காய் அளவில் மூன்று கல். எந்த எறும்பும் அதைத் தூக்கியிருக்காது. தரையில் பொறுக்கிச் சேர்த்திருப்பார்கள். தரையில் பொறுக்கியதும் நல்ல கல்தான், அதை அப்படியே சொல்லி விற்கலாமே. எந்த மேடு, யார் பொறுக்கியது என்று கேட்டதற்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை. நவஹோ நிலத்தில் வெளியார் அனுமதியில்லாமல் கல் எடுக்கக் கூடாது என்பதால் இந்தக் கேள்வி முக்கியம்.

கல்லுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், கடைக்கு இரண்டு. வாங்குகிறவர்கள் நவஹோ விற்பனையாளர்களிடம் நேரில் வாங்குங்கள், சின்னக் கல்லாகப் பார்த்து எடுங்கள். மூன்று மில்லிமீட்டரில் பட்டை தீட்டினால் மூக்குத்திக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கும்.