சிவப்புக் கோடும் சீஆர் கொப்பியும்: ஆறு வருடப் பாவனை

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, லெமினேட்டிங், அப்புறம் தோட்டத்து ஆட்களுக்கு ஆங்கிலக் கடிதம் டைப் செய்து கொடுப்பது. கடை திறந்து இரண்டு வருடம் கழித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போர்டை அண்ணாந்து பார்த்தார். "தம்பி, கடை அசையாம நிக்குதுன்னு போர்டு வேற போடணுமா?" என்றார். ஸ்டேஷனரி கடைசியில் ஈ ஆர் வை என்று முடிந்தால் காகிதம், பேனை. நான் ஏ ஆர் வை போட்டிருந்தேன். அது நகராமல் நிற்பது.

பிறகு தேடிப் பார்த்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அந்தக் காலத்தில் ஊர் ஊராக அலையாமல் ஓரிடத்தில் கடை போட்ட புத்தக வியாபாரிக்குத்தான் ஸ்டேஷனர் என்று பேர். லண்டனில் அவர்களுக்கு 1403லேயே சங்கம் இருந்திருக்கிறது. ஆக என் போர்டு முழுப் பொய்யில்லை. இருந்தாலும் பெயிண்டருக்குக் காசு கொடுத்து ஏயை ஈயாக்கினேன். சாய்வெயில் விழும்போது பழைய ஏ இன்னும் தெரிகிறது.

ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களில் இனித் தடுமாறக் கூடாதென்று, அன்றைக்குக் கடையிலிருந்தே ஒரு சீஆர் கொப்பியை, அதாவது கெட்டி அட்டை போட்ட கொப்பியை, எடுத்தவன்தான். இடப்பக்கம் நான் பிழையாக எழுதிய வசனம், வலப்பக்கம் திருத்தம். வேறு விதி கிடையாது.

கம்பியூட்டர் இருக்கும்போது கொப்பி எதற்கு? பிழையான சொல்லுக்குக் கீழே கம்பியூட்டர் போடும் சிவப்புக் கோடு, அப்படி ஒரு சொல் உண்டா என்று மட்டும்தான் பார்க்கும். சரியான சொல் பிழையான இடத்தில் உட்கார்ந்தால் பேசாமல் விட்டுவிடும். அதனால் இலக்கணம் பார்க்கும் ஆப் ஒன்றையும் மூன்று வருடமாகப் பாவிக்கிறேன். முழு வசனத்தில் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் முகவரியில் 'த பிரின்சிபல்' என்று தனியாக நிற்கும்போது, பக்கத்தில் துணைக்குச் சொல் இல்லாததால், அது கண்டுகொள்ளவில்லை. அப்படி இரண்டு கடிதம் பாடசாலை அதிபருக்குப் பதிலாகக் 'கொள்கை'க்குப் போய்ச் சேர்ந்தன.

இதற்குத் தமிழே கைகொடுத்தது. அதிபரை இந்தியாவில் முதல்வர் என்பார்கள். கடனில் வட்டி போக நிற்பது முதல். முக்கிய காரணம் என்றால் முதன்மைக் காரணம். முதல் என்று வந்தால் கடைசியில் ஏ எல். கொள்கை என்றால் எல் ஈ. அதற்குப் பிறகு ஒருதடவையும் தடுமாறவில்லை.

உண்மையில் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் வண்டு ரீங்காரம் போல ஒரு 'ஸ்' இருக்கிறது. நம் வாயில் அது சாதாரண 'ஸ்' ஆகிவிடும். தொலைப்பதும் லூஸ், தொளதொள என்பதும் லூஸ். அடையாள அட்டை தொலைந்ததென்று ஒரு அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு ஓ போட்டுவிட்டேன். இப்போது கொப்பியில் தொளதொள கால்சட்டை ஒன்றின் படம் இருக்கிறது, கால் ஒன்றுக்கு ஒரு ஓ. அட்வைஸும் இதே கதைதான். அறிவுரைக்கு சீ, அறிவுரை சொல்வதற்கு எஸ். ஐஸ் கையில் பிடிக்கிற பொருள், அதில் சீ இருக்கிறது என்று ஞாபகம் வைத்தேன்.

பிராக்டிஸ், லைசன்ஸ் இரண்டுக்கும் அதே கணக்கு, ஆனால் பிரித்தானிய எழுத்தில் மட்டும். அமெரிக்க எழுத்தில் பிராக்டிஸ் எப்போதும் சீ, லைசன்ஸ் எப்போதும் எஸ். ஆப் ஆரம்பத்தில் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்ததால் சரியானதையும் பிழை என்று காட்டியது. மொழியைப் பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி. வாங்கியதும் முதலில் அதைச் செய்யுங்கள்.

கொப்பியின் குறையையும் சொல்ல வேண்டும். அகரவரிசை இல்லை, ஆள் நிற்கும்போது தேடினால் கை நடுங்குகிறது. மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து ஜெல் பேனை மை பரவிவிடும், போல்பொயின்ட்தான் தாங்குகிறது. தங்கிவாழ்வோர் படிவத்துக்கு வேண்டிய 'டிபென்டன்ட்' பக்கம் பாதி அழிந்துவிட்டது. ஆளைக் குறித்தால் ஏ, சார்ந்திருப்பதைச் சொன்னால் ஈ என்று போன வாரம்தான் திரும்ப எழுதி வைத்தேன்.